கடைக்குப் போகும்போது இதைக் கையில் வைத்திரு

கோண்டாவில்
9.11.2025

அன்புள்ள குஞ்சு,

நேற்றுப் போனில் "லப்டொப் ஒண்டு வாங்க வேணும் அம்மா, எது நல்லது?" என்று கேட்டாய். நான் சொல்லத் தொடங்க லைன் கட்டாகிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன், இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதினால் கடதாசியைக் கையோடு கொண்டுபோவாய், கடையில் நின்று பார்க்கலாம். அப்பா முன் விறாந்தையில் படுத்துவிட்டார். நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

காசைப் பற்றி யோசிக்காதே. இந்த மாதம் சீட்டு எனக்கு விழுந்தது. கழிவு போக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அது முழுவதும் இதற்குத்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று குறைந்ததை வாங்கிவிடாதே.

2021இல் மாதர் சங்கக் கணக்கு வேலைக்கு நான் ஒரு குட்டி லப்டொப் வாங்கினது உனக்குத் தெரியும். கடையில் என்ன நடந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. ரவுணில் ஒரு கடை. விற்கிற பொடியன் ஏதேதோ இலக்கங்களைக் கடகடவென்று சொன்னான். "நாலு ஜீபீ, முப்பத்திரண்டு ஜீபீ, உங்கட வேலைக்கு இது காணும் அக்கா" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

அந்த முப்பத்திரண்டில் பெரும் பகுதியை விண்டோஸே பிடித்துவிட்டது. சங்கத்துக் கணக்கும் கொஞ்சப் படங்களும் போட்டதும் இடம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் அப்டேற் வரும், இடம் போதாது என்று நிற்கும், நான் படங்களை அழிப்பேன், திரும்பவும் வரும். பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் இரவு அப்டேற்றின் நடுவில் நின்றது, பிறகு எழும்பவேயில்லை. பற்றுச்சீட்டுகளைக் கோவையில் ஒழுங்காக வைத்திருந்தபடியால் விடிய ஒரு மணி வரை இருந்து ஆண்டறிக்கையைக் கையால் எழுதி முடித்தேன். "தம்பி, இந்த முப்பத்திரண்டில எனக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதை வாங்கியிருக்கமாட்டேன்.

ஆகவே குஞ்சு, விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லு. "அண்ணா, திரும்பச் சொல்லுங்கோ" என்று கேள். இரண்டாம் முறையும் விளங்காவிட்டால் மூன்றாம் முறை கேள். பொறுமையாகச் சொல்லாத கடை என்றால் வெளியே வா, மட்டக்களப்பு ரவுணில் வேறு கடை இருக்கும்.

அந்தக் குட்டி போன பிறகு, கடைசி வீட்டுப் பொடியன், போன் திருத்துகிறவன், இந்த இரண்டு ஜீபீயும் வேறு வேறு என்று எனக்கு இருத்தி விளங்கப்படுத்தினான். அவன் சொன்னதை நான் என் பாட்டில் இப்படி எடுத்துக்கொண்டேன். நீ பரீட்சைக் காலத்தில் பாய் விரித்துக் கொப்பி எல்லாம் பரப்பிப் படிப்பாயே. பாய் சின்னது என்றால் ஒன்றை மூடி வைத்துத்தான் மற்றதை விரிக்கலாம். அந்தப் பாய்தான் ராம். படித்து முடித்துப் புத்தகங்களை அடுக்கி வைக்கிற றங்குப்பெட்டிதான் மற்றது, அதாவது ஸ்ரோரேஜ். நான் வாங்கினதில் பாயும் சின்னது, பெட்டி அதைவிட மோசம்.

உனக்குப் பாய் எட்டு ஜீபீக்குக் குறைய வேண்டாம். விண்டோஸ் 11க்கு நாலு காணும் என்றுதான் மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. அது எழும்பி நிற்கக் காணும், வேலைக்குக் காணாது. நீ வரலாறு படிக்கிறாய். நூலகம் என்ற இணையத்தளத்தில் இருந்து பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் இறக்கி வாசிக்க வேண்டிவரும். 2005இல் தொடங்கி எங்கட ஆக்கள் ஸ்கான் பண்ணிப் போட்டு வருகிற பொக்கிசம் அது. ஸ்கான் பண்ணின புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் படம், பாரம் கூட. அதில் இரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் அசைன்மென்டும் அடித்தால் நாலு ஜீபீ மூச்சு வாங்கும். மெல்லிய சின்ன லப்டொப் பலவற்றில் ராமை உள்ளே இருக்கிற மதர்போட் தகட்டிலேயே ஒட்டி விடுகிறார்கள், பிறகு கூட்ட ஏலாது. "பிறகு கூட்டலாமா அண்ணா?" என்று கட்டாயம் கேள். இல்லை என்றால் இன்றைக்கே எட்டு இருக்க வேண்டும். பெட்டி 256 ஜீபீ, எஸ்.எஸ்.டி. வகை. பழைய ஹாட் டிஸ்க் உள்ளே சுழலுகிற சாமான், பஸ்ஸில் குலுக்குப்பட்டால் ஆபத்து. எஸ்.எஸ்.டியில் சுழலுகிற பகுதி இல்லை, கெதியாகவும் திறக்கும்.

உன் காசுக்குப் புதிது எடுப்பதா பாவித்தது எடுப்பதா என்று நீயும் யோசித்திருப்பாய். என் மனம் பாவித்ததில்தான் நிற்கிறது. கம்பனிகளுக்கென்று செய்கிற வகை இருக்கிறது: லெனோவோ திங்க்பாட், டெல் லட்டிடியூட், எச்பி எலைட்புக். நாலைந்து வருடம் ஒபிசுகளில் ஓடிவிட்டு விலை இறங்கி வரும். உடம்பு உறுதி, கீபோட் நல்லது. இப்போது நான் பாவிப்பதும் அப்படி ஒன்றுதான். ஆனால் கவனம். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேற் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 முறையாக ஏறுகிற மெஷின்தான் வேண்டும். புரொசெசர், அதாவது மெஷினின் மூளை, இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். கடையில் "ஐ5" என்று மட்டும் சொல்லுவார்கள். அதற்குப் பின்னால் வருகிற இலக்கத்தைக் கேள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழு. ஏழாம் தலைமுறையை எடுக்காதே, எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.

பற்றரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

நான் உயர்தரம் படித்தது 1990, 91இல். யுத்த காலம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான், ரோச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றரிகூடக் கிடையாது. மண்ணெண்ணெய் விலை கேட்கப் பயம், ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்க வேண்டும் என்று உன் அம்மப்பாவுக்கு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்திருந்தார். நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், கை தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேய்ந்துபோகும். அம்மப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஊரில் எங்கே குண்டு விழுந்தது என்று சொல்லும் இடத்தில் என் கை நின்றுவிடும், அவர் "சுத்து பிள்ளை, சுத்து" என்பார். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது நீ போன் வெளிச்சத்தில் படித்தாயே, அன்றைக்கு எனக்கு அந்தப் பெடல்தான் கையில் வந்தது.

அதனால் பற்றரி விசயத்தில் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாதே. "ஆறு மணித்தியாலம் நிக்கும்" என்று சொல்லுவார்கள். விண்டோஸிலேயே பற்றரி ரிப்போர்ட் எடுக்கலாம். கமாண்ட் புரொம்ட்டில் ஒரு வரி அடித்தால் வரும், கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். உனக்கு முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லு. அதில் இரண்டு இலக்கம் பார். டிசைன் கப்பாசிற்றி என்பது செய்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கப்பாசிற்றி என்பது இப்போது பிடிக்கிறது. முதலாவது 50,000, இரண்டாவது 25,000 என்று இருந்தால் பற்றரியில் பாதி செத்துவிட்டது. புதுப் பற்றரி போட்டுத் தருவார்களா, அல்லது அந்தக் காசை விலையில் குறைப்பார்களா என்று கேள். ரிப்போர்ட் காட்ட மறுத்தால் அந்த லப்டொப் வேண்டாம்.

சார்ஜர் டைப்-சியாக இருந்தால் நல்லது. பழுதானால் அந்த மொடலுக்குரிய சார்ஜரையே தேடி அலையத் தேவையில்லை. போன் சார்ஜரால் ஏற்றலாம் என்று நினைக்காதே, அதன் வலு காணாது. 65 வாட் அளவில் வேண்டும். பிளக்கையும் பார். உன் ஹொஸ்டல் சுவரில் இருப்பது 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கா, பழைய வட்டக் காலா? வெளிநாட்டுப் பிளக்கோடு வந்த சார்ஜரை மலிவு அடப்டரில் செருகினால் தளம்பும், பொறி பறக்கும். எனக்கு ஒருமுறை அப்படிக் கருகிப்போனது. வயரோடு சரியான பிளக்கையே கேட்டு வாங்கு.

இனி கையால் தொட்டுப் பார்க்கவேண்டியவை. மேசையில் வைத்துத் தமிழ் அடித்துப் பார். ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்து நல்லது என்று சொல்லாதே. நீ என்னிடம் பழகியது பாமினி விசை ஒழுங்கு. அதில் புள்ளி எங்கே? வலது கைச் சின்னிவிரலுக்குக் கீழே, அரைப்புள்ளி விசையில். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி ஓடாது. என் முதல் குட்டியில் திரை பதினொன்றரை அங்குலம். இடம் போதாமல் வலதுபக்க விசைகளை ஒடுக்கிச் செய்திருந்தார்கள். சின்னிவிரல் ஒவ்வொரு முறையும் விசையைத் தவறவிடும். "அம்மா" என்று அடித்தால் "அமமா" என்று நிற்கும். ஒரு பக்கம் அடித்துவிட்டு இரண்டு தரம் புள்ளி தேடித் திருத்துவேன். பதின்மூன்று, பதினான்கு அங்குலத்தில் கீபோட் முழு அளவில் வரும், பையிலும் அடங்கும். உனக்கு அதுதான் சரி. பாமினி எழுத்துருவில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும், விரிவுரையாளருக்கு அப்படி அனுப்பாதே. இ-கலப்பை என்று தமிழ் அடிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, இலவசம். அதைப் போட்டால் விரல் பழகின பாமினி ஒழுங்கிலேயே, வேறு கணினியிலும் தமிழாகவே திறக்கிற யூனிகோட் அடிக்கலாம்.

திரையைப் பார்க்க ஒரு தமிழ்ப் பக்கம் திறந்து, எழுத்தைச் சிறிதாக்கி வாசி. "கி"யும் "கீ"யும் சட்டென்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். கீயின் மேற்சுழி அடைந்து கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால் உன் கண் இரவில் படும் பாட்டை நினைத்துப் பார். சின்ன வயதில் இருந்தே உனக்குக் கண்ணாடி. 1920க்கு 1080 என்று சொல்லும் திரையைக் கேள், 1366க்கு 768 வேண்டாம். பக்கவாட்டில் நின்றும் பார். நிறம் வெளிறினால் அறையில் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க ஏலாது.

பாரத்தை எப்படி அறிவது? நான் செய்தது, ஒன்றரைக் கிலோ சீனியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கோண்டாவில் சந்தி வரை நடந்து பார்த்தேன். தாங்கியது. நீ சார்ஜரையும் சேர்த்து நிறுக்கச் சொல்லு, அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வந்தாறுமூலைக் கம்பஸில் விடுதியில் இருந்து வகுப்புக்கும் நூலகத்துக்கும் வெயிலில் நடக்கிற பிள்ளை நீ.

திரையை ஒரு கையால் திறந்து மூடிப் பார், கீலில் சத்தம் வரக்கூடாது. வைபை, கமரா, ஸ்பீக்கர், பென் டிரைவ் போடுகிற இடம் எல்லாம் கடையிலேயே பரிசோதி. பில்லில் சீரியல் இலக்கம் எழுதுவித்து வாங்கு. வொறண்டி கம்பனியுடையதா கடையுடையதா, பற்றரிக்கும் சேர்த்தா என்று அதிலேயே எழுதச் சொல்லு. வாய்ச்சொல் வேண்டாம். வாங்கின பிறகு அசைன்மென்டை ஒரு இடத்தில் மட்டும் வைக்காதே, பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் போடு.

சனிக்கிழமை போவதென்றால் காலையிலேயே போ, மத்தியானம் சனம் கூடினால் ஆறுதலாகப் பார்க்க விடமாட்டார்கள். ஒரு சிநேகிதியைக் கூட்டிப்போ. காசு கொடுக்க முதல் எனக்கு ஒரு கோல் எடு.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டு விடுகிறேன். பருத்தித்துறை வடையும் எள்ளுப்பாகும் ஒரு கிலோ ஒடியலும் இருக்கும். வடை போத்தலில் இருக்கிறது, அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. போத்தலைத் தொலைக்காமல் லீவுக்கு வரும்போது கொண்டு வா.

அம்மா