மருமகளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோ, முதியோர் இல்லம், நூறு வயதைத் தாண்டியவர்கள் என்று நிறையத் தகவல்கள். ஆனால் அந்தப் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது யார் என்று ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கணவரின் வேலை காரணமாக ஆறு வருடம் ஒசாகாவில் இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகும், தொண்ணூறைத் தாண்டிய மாமியாரை அவர்தான் பார்த்துக்கொண்டார். மாமியாருக்குத் தேநீர்கூடப் புரையேறிவிடும். அதனால் அதில் ஒரு பொடியைப் போட்டு, கஞ்சிப் பதம் வரும்வரை கலக்கி, ஆறவைத்து, சின்னக் கரண்டியால் ஊட்டுவார். ஒரு கோப்பை முடிய அரை மணி நேரமாகும். வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரக் காப்பகத்தின் வேன் வந்து மாமியாரை அழைத்துப்போகும். இவர் கடைக்குப் போவதும், தன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்ப்பதும் அந்த இரண்டு நாளில்தான்.

அந்த வேனும் சும்மா வந்துவிடவில்லை. ஹிகுச்சி கெய்கோ என்ற பெண் எழுத்தாளர் 1983-இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு போன்றவை விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2000-இல்தான் இந்த மாதிரிச் சேவைகளுக்கான செலவில் பெரும்பகுதியை ஏற்கும் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். அதற்கு முன்பு 'யோமே', அதாவது மருமகள், தலையில்தான் எல்லாம். இன்றைக்கும் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள்.

இத்தனை செய்தும் மாமியார் சொத்தில் மருமகளுக்கு வாரிசுரிமை கிடையாது. சம்பளமில்லாமல் பராமரித்த மருமகள் வாரிசுகளிடம் பணம் கேட்கலாம் என்று 2019 ஜூலையில் சட்டம் வந்தது. சரி, நல்லதுதான். ஆனால் அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், மரணம் தெரிந்த ஆறு மாதத்துக்குள் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு நாத்தனாரிடம் போய், இத்தனை வருடம் பார்த்ததற்கு இவ்வளவு கொடுங்கள் என்று எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

அப்புறம் இன்னொரு வழியும் இருக்கிறது. கணவர் இறந்த பின், அவர் குடும்பத்தோடு உறவு முடிந்தது என்று நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்துவிடலாம். மாமியார் வீட்டார் சம்மதம் தேவையில்லை. கணவர் வழி வந்த சொத்தும் ஓய்வூதியமும் போகாது. 'சாவுக்குப் பின் விவாகரத்து' என்பார்கள். கல்நெஞ்சக்காரிகள் என்று ஏசுபவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய, மாமியாரைப் பராமரிக்கும் கடமை சட்டப்படி மருமகளுக்கு இல்லவே இல்லை. ஊர் வழக்கம் கட்டிப்போட்டதை அந்தப் படிவம் அவிழ்க்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அம்மா அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். நாங்கள் ஊர் திரும்பும்வரை நிரப்பவில்லை.

இனி ஜப்பான் முதியோர் பற்றி எழுதும்போது, இந்தப் பெண்களிடமும் பேசி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.