திரித்துப்பாக்கிக்கு ஐந்து சுற்று கொடுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை போல ஆடும் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் விதிகளை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். 2024இல் வந்த வீரர் கையேட்டில் மஸ்கட் என்ற நீண்ட துப்பாக்கியையும் பிஸ்டலையும் வாள், வில்லோடு ஒரே ஆயுதப் பட்டியலில் சேர்த்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் சேர்த்த விதத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

கனமான குறுக்குவில்லின் சேதத்துக்குப் பத்து முகப் பகடை, விலை 50 பொற்காசு. மஸ்கட்டுக்குப் பன்னிரண்டு முகப் பகடை, விலை 500. சராசரியில் ஒரே ஒரு புள்ளிதான் கூடுதல். சாதாரணமாக இரண்டையுமே ஆட்டத்தின் ஆறு விநாடிச் சுற்றுக்கு ஒரு தடவை சுடலாம். குறுக்குவில்லுக்கே வேறு பெயர் வைத்த மாதிரி இருக்கிறது.

எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய மஸ்கட்டான திரித்துப்பாக்கி அப்படியா இருந்தது? குழலில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் பொடிமருந்து வைத்து, வெடியுப்பில் ஊறிய கயிற்றுத் திரியின் கங்கை ஊதிக் கவ்வியில் மாட்ட வேண்டும். கை பழகியவனுக்கே அரை நிமிடமாவது ஆகும். உங்கள் கணக்கில் ஐந்து சுற்று. மழை பெய்தால் திரி அணையும், மருந்து நமுத்துப்போகும். சுட்டதும் கண்ணெதிரே வெறும் வெள்ளைப் புகை. இந்த இடைஞ்சல் ஒவ்வொன்றிலும் மந்திரம் நுழைய இடம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோட்டை வாசலில் ஒரு காவலன், கையில் திரித்துப்பாக்கி, அதில் எரியும் திரி. எங்கள் மந்திரவாதிக்கு அன்று மிச்சமிருந்தது மெழுகுவத்தியை ஏற்றுவது, அணைப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கு உதவுகிற சின்ன மந்திரம். பத்தடிக்குள் போனால்தான் பலிக்கும். சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து போய்த் திரியை அணைத்தாள். காவலன் பதறவில்லை. அந்தக் காலத்து வீரர்கள் திரியின் இரண்டு முனையையும் எரியவிட்டு வைத்திருப்பார்கள். அவன் மறுமுனையைத் திருப்பி மாட்டத் தொடங்கினான். இன்னொரு முறை அணைக்க அவளுக்கு ஒரே ஒரு சுற்று. மேசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இத்தனைக்கும் அது ஆட்டத்தின் மிக எளிய மந்திரங்களில் ஒன்று! உங்கள் விதிப்படி ஆடியிருந்தால் அணைக்கத் திரியே இருந்திருக்காது.

மந்திரமும் துப்பாக்கியும் ஒட்டாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வெடிமருந்தைக் கண்டுபிடித்ததே சாகா மருந்து தேடிய சீன ரசவாதிகள்தான் என்பார்கள், 9ஆம் நூற்றாண்டு வாக்கில். சீனத்தில் அதன் பெயருக்கே 'நெருப்பு மருந்து' என்று பொருள். தமிழிலும் அது வெடி'மருந்து'தான். அப்புறம், 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் போர்வீரர்கள் குண்டு துளைக்காமலிருக்க மந்திரம் எழுதிய காகிதத்தைத் தாயத்தாக வைத்துக்கொண்டார்கள், சிலர் விழுங்கவும் செய்தார்கள். பாசாவ் நகரத்தின் பெயரால் அதைப் 'பாசாவ் கலை' என்றே அழைத்தார்கள். குறி தப்பாத குண்டுகளைப் பிசாசின் துணையோடு வார்க்கும் வேட்டைக்காரன் கதையும் அந்த நாட்டு மக்களுடையதுதான். அதில் கடைசிக் குண்டு மட்டும் பிசாசின் விருப்பப்படி பாயும். ஒரு முழு ஆட்டத்துக்குத் தேவையான கரு இதிலேயே இருக்கிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது, விருப்ப விதியாகவாவது இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மருந்து கிட்டிக்க ஐந்து சுற்று ஆகட்டும். அந்த ஒரு வெடிக்கு, காத்திருந்ததற்கு ஈடான சேதமும் இருக்கட்டும். ஈரம், புகை, திரி மூன்றுக்கும் விதி எழுதுங்கள். குண்டு வார்க்கும்போதே மந்திரிக்கும் சடங்கு ஒன்றும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
பல வருடமாக ஆட்டம் நடத்தும் ஒருவர்