தம்பிக்கு, மேசையில் கண்டதைப் பற்றி

ஹப்புத்தளை
மார்ச் 8, ஞாயிறு காலை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் காலம் என்பதால் அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. தங்கச்சிக்குப் பாடசாலையில் தவணைப் பரீட்சை, திருத்துகிற விடைத்தாளோடு வருகிறாள், விடைத்தாளோடு போகிறாள். மலையில் கொழுந்து குறைந்துவிட்டது. பின்வளவில் அம்மா போட்ட போஞ்சிப் பாத்தியை முந்தாநாள் இரவு பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது. பன்றி என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ போன் எடுத்து மூன்று கிழமை ஆகிறது. வேலை கூட என்று அம்மா சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகப் பேசியபோது குட்டி போனைத் தூக்கிக்கொண்டு உங்கள் குசினிக்குள் ஓடினாளே, ஞாபகம் இருக்கும். ஐந்து விநாடிகூட இருக்காது. மேசையில் ஒரு பழைய துவாய். துவாயில் உன் வேட்டைத் துவக்கின் கட்டை தனியாக, இரும்புப் பக்கம் தனியாக. இரண்டு சின்ன ஸ்பிரிங். தீப்பெட்டியளவில் ஒரு வெள்ளைக் கல். அதற்கு ஒரு சாண் தள்ளிக் குட்டியின் பால் கோப்பை. "அப்பா துவக்கை லேசாக்குறார் தாத்தா" என்று பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் நீ போனைப் பறித்து எனக்கு வீட்டு முகட்டைக் காட்டினாய். அங்கே மழையா என்று நான் கேட்டேன். இல்லை, நல்ல வெயில் என்றாய். அவ்வளவுதான் நாம் பேசியது.

முப்பத்தொரு வருஷம் தேயிலை ஸ்டோரில் மெக்கானிக் வேலை பார்த்தவனுக்கு, இரும்பைத் தேய்க்கிற எண்ணெய்க்கல்லை அடையாளம் தெரியாதா தம்பி? அம்மா பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன். இப்போதும் அவள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். வாசிப்பாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அங்கே நீ பரீட்சை எழுதி, பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, துவக்கு லைசன் எடுத்த அன்று அந்த ஏழு பாதுகாப்பு விதியையும் போனில் ஒப்புவித்தாய். எந்தத் துவக்கிலும் குண்டு இருக்கிறதாகவே நினை என்பது முதலாவது. நான் சிகரெட் மட்டையில் எழுதி வைத்தேன். தோட்ட லயத்தில் பிறந்த என் மகனுக்கு நியூசிலாந்துப் பொலிஸ் துவக்கு லைசன் கொடுத்திருக்கிறது என்று நான் டவுனில் சொல்லாத ஆள் இல்லை. இங்கே மரையைச் சுட்டால் மறியல் வீடு. அங்கே மான் பெருகினால் காட்டுக்குக் கேடு, சுடச் சொல்கிறார்கள் என்று நீ விளக்கியபோது எனக்கு நம்பவே முடியவில்லை. "அந்த மானும் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டதுதான் அப்பா, தேயிலை மாதிரி, நம்ம ஆள்கள் மாதிரி" என்று சொன்னாய். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஆனால் அந்த ஏழு விதியிலே, குசினி மேசையில் வைத்து, விரல் இழுக்கிற விசையைத் தேய் என்று எட்டாவது ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கொம்பனிக்காரன் வழக்குக்குப் பயந்து விசையைக் கனமாக வைத்து அனுப்புகிறான், நாலு இறாத்தல் இழுத்தால் குறி அசைகிறது, இந்த மாதக் கடைசியில் மான் கத்துகிற காலம் தொடங்குகிறது, அதற்குள் சரி செய்யவேண்டும். சரி. நாலு இறாத்தல் என்றால், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, நாலு பாண். ஒரு விரலில் நாலு பாணைத் தொங்கவிட்டதுபோல. துவக்கே ஏழெட்டு இறாத்தல்தான் இருக்கும், அசையத்தான் செய்யும். உன் குறை நியாயமானது.

ஆனால் கனம் வேறு, கரகரப்பு வேறு. இதை முதலில் பிரித்துப் பார்த்தாயா? விசை இழுபட்டு, நின்று, மறுபடி இழுபட்டால் இரண்டு பாணும் நாலு பாண் மாதிரித்தான் இருக்கும். அழுக்கும் இறுகிப்போன எண்ணெயுமே அதைச் செய்யும். ஸ்டோரில் ரோலர் இறுகுகிறது என்று வருகிற முறைப்பாட்டில் பாதி அழுக்குத்தான். கழுவித் துடைத்தால் போய்விடும். அராவத் தொடங்குகிறவன் அவசரக்காரன்.

கல்லைப் பற்றித்தான் எனக்குப் பயம். விசைக்கும், தோட்டாவை அடிக்கிற ஊசிக்கும் நடுவே ஒரு கொளுக்கி இருக்கிறது, அதை சியர் என்கிறார்கள். ஊசியைத் தள்ளப் பார்க்கிற ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் அதுதான் பிடித்து நிற்கிறது. அது பிடிக்கிற இடம் நகத்தின் ஓரம் அளவுகூட இராது. அந்த ஓரத்தைத் தேய்த்தால் இழுப்பு லேசாகும், உண்மை. ஏன் லேசாகிறது? பிடிப்பு குறைந்ததால். விரலுக்கு லேசானது எல்லாவற்றுக்கும் லேசு. தோளிலிருந்து நழுவி விழுகிற அடிக்கும் லேசு, குண்டை உள்ளே தள்ளுகிற போல்ட்டை ஓங்கி அடைக்கிற அதிர்ச்சிக்கும் லேசு. அதோடு, இந்த மாதிரிச் சின்னச் சாமான்களுக்குப் பலமுறை மேல்தோலில் மட்டும்தான் வைரம் ஏற்றி இறுக்கியிருப்பார்கள். கடதாசியின் கனம்தான் அந்தத் தோல். கல் அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. முதல் நாள் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினதுபோல இருக்கும். நீயும் சந்தோஷப்படுவாய். பிறகு ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த ஓரம் தானாகவே மழுங்கிக்கொண்டு போகும், உனக்குச் சொல்லாமல்.

அங்கே குளிர் வேறு. விறைத்த விரலுக்கு இரண்டு இறாத்தல் எங்கே தெரியப்போகிறது? கையுறை போட்டால் தொட்டதுகூடத் தெரியாது.

கடைக்காரப் பையனிடம் கேட்டு அவனுடைய போனில் நானும் இதையெல்லாம் பார்த்தேன். கனத்தைக் கூட்டிக் குறைக்கவென்றே திருகாணி வைத்துச் செய்த விசைகள் இருக்கின்றனவாமே. சாவேஜ் கொம்பனி விசைக்குள்ளே இன்னொரு மெல்லிய நாக்கு வைத்திருக்கிறது. அந்த நாக்கை விரல் அழுத்தாவிட்டால், அடிபட்டு சியர் நழுவினாலும் அதுவே தடுத்துப் பிடித்துக்கொள்ளும். நல்ல மூளை. நான் இரண்டு தரம் பார்த்தேன். டிம்னி என்ற கொம்பனி முழு விசைப் பெட்டியையும் செய்தே விற்கிறது, பழையதைக் கழற்றி அதைப் பூட்டலாம். அதற்குக் காசு வேண்டும், தெரியும். நீ இங்கே மாதாமாதம் அனுப்புகிறதில் இரண்டு மாதம் அனுப்பாதே. அம்மாவுக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதைப் பூட்டுவதும் துவக்கு வேலை தெரிந்தவன் பூட்டட்டும். கடையில் கொடு. பூட்டிய பிறகு வெறும் துவக்கில், ஒன்றுக்கு இரண்டு பேர் உள்ளே குண்டு இல்லை என்று பார்த்த பிறகு, போல்ட்டை ஓங்கி அடைத்தும், கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டியும் அவன் சோதிப்பான். சோதிக்காதவனிடம் கொடுக்காதே. எப்படியும் கடையில் கொடு.

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு. ஸ்டோரில் பெல்ட்டுக்கு மேலே கூண்டு இல்லாமல் ஓடவிட்ட மெக்கானிக்கை நான் திட்டுகிறதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எல்லாம் பயம்" என்று சின்ன மாமாவிடம் போய்ச் சொன்னவன்தானே நீ. மாமா என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "பயம் இல்ல மகன், அது உங்கப்பாவோட சுத்தம்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

சின்ன மாமாவின் கால் கதை உனக்குத் தெரியும். பன்றி பாய்ந்தது, உருளைக்கிழங்கு போடுகிற அந்தச் சிங்கள ஐயா, கிழங்கு மாத்தயா, பயந்து வரம்பிலிருந்து குதித்தார், பழைய துவக்கு, தானாக வெடித்து மாமாவின் காலில் பட்டது. மாமாவின் மடியில் உட்கார்ந்து நீ எத்தனை தரம் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாய். பன்றியை மாமா ஒவ்வொரு தடவையும் பெரிதாக்குவார். கதையில் ஒன்றைத்தான் அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

1996. இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயித்த வருஷம். உனக்கு எட்டு வயது. கிழங்கு மாத்தயா ஒரு நாள் சாயங்காலம் சாக்கில் சுற்றித் தன் ஒற்றைக்குழல் துவக்கை ஸ்டோருக்குக் கொண்டுவந்தார். லைசன் உள்ள துவக்குத்தான். விசை மாடு மாதிரி இழுக்கிறது, பன்றி ஓடிய பிறகுதான் வெடிக்கிறது என்றார். நான் துவக்கு வேலை தெரிந்தவன் இல்லை. ஆனால் இரும்பு வேலையில் என்னால் ஆகாதது ஒன்றும் இல்லை என்று அந்த நாளில் எனக்கு ஒரு திமிர். இரவு வேலை. மேலே வாட்டுகிற தட்டில் காற்றாடிகள் ஓடுகின்றன, கீழே நான் ஒரு பல்பு வெளிச்சத்தில் வைஸில் பூட்டி, சுத்தியல் மாதிரி விழுந்து அடிக்கிற குதிரையின் பல்லை அரத்தால் மூன்று தரம் இழுத்தேன். பிறகு கல். இழுத்துப் பார்த்தேன், போதவில்லை. இன்னும் கொஞ்சம். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் எல்லாம் போனது. குதிரையை ஏற்றி மேசைமேல் அதை லேசாகத் தட்டினேன். இறங்கியது. மறுபடி ஏற்றித் தட்டினேன், நின்றது. நின்றதை நம்பினேன் தம்பி. இறங்கியதை நான்தான் சரியாக ஏற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காசு வேண்டாம் என்றேன். மறுநாள் பத்துக் கிலோ உருளைக்கிழங்கு வந்தது. அம்மா பிரட்டல் கறி வைத்தாள், நீ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

மூன்று மாதம் கழித்து மாமா, காவலுக்குத் துணையாக மாத்தயாவோடு போனார். மாத்தயா வரம்பிலிருந்து குதித்தபோது கட்டையின் அடி கல்லில் மோதியது. அவர் விரல் விசையில் இல்லை. இதை அவர் பொலிசில் சொன்னார், யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன், வாய் திறக்கவில்லை. அவருடைய லைசனைப் பறித்தார்கள். ஊரெல்லாம் குடிகாரன் என்றது, அம்மா இன்றுவரைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். அந்த மனிதர் பொலிசிலும் சரி, வெளியிலும் சரி, என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுச் சந்தையில் எதிர்ப்பட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தோளில் கை வைத்து, "கமக் நே மல்லி", பரவாயில்லை தம்பி, என்றார். ஒரு கட்டுப் போஞ்சியை என் பையில் போட்டுவிட்டுப் போனார். அவர் செத்தும் பல வருஷம் ஆகிறது. செத்த வீட்டுக்கு நான் போய், வெளியிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

மாமாவின் காலில் அந்தத் தோட்டாவின் இரண்டு சன்னம் இன்னும் இருக்கிறது. மழை வருவதை அவருக்கு முன்கூட்டியே சொல்கிறதாம். அவர் அதைப் பகிடியாகச் சொல்லும்போது நான் தேத்தண்ணீர் போட எழுந்துவிடுவேன். வீட்டில் தேத்தண்ணீர் போடுகிற ஆண்பிள்ளை என்று என்னைப் புகழ்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லாதே. சொல்லவேண்டியவன் நான், அதுவும் மாமாவிடம். போன வருஷம் தைப்பொங்கலன்று சொல்லத் தொடங்கி, பொங்கல் பானையைப் பற்றிப் பேசி முடித்தேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினை. கோபமென்றால் இன்னும் மூன்று கிழமை பேசாமல் இரு. ஆனால் துவாயோடு சேர்த்து அதை அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டு. மருமகளுக்கும் சாவி எங்கே என்று தெரியவேண்டாம், உன் லைசன் உனக்கு மட்டும்தான். காட்டுக்கு இந்த வருஷம் போகாவிட்டால் மான் எங்கும் ஓடிவிடாது.

வெளியில் கைத்தடிச் சத்தம் கேட்கிறது. மாமா ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குத்தான் வருவார். படியேற அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் கொதிக்க வைக்கவேண்டும்.

அன்புடன்
அப்பா

பி.கு.: கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எறிந்துவிடாதே. கடைக்காரனிடம் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடு. கல்லை எவ்வளவு போட்டாய் என்று அவனிடம் மறைக்காமல் சொல்.