கால்நடைப் பேராசிரியர் ஆகும் வழியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என்ன படிக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். கால்நடை மருத்துவம் என்று வந்தால் மட்டும் ஆஸ்பத்திரி டாக்டர் வேலையோடு நின்றுவிடுகிறது. அதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு எப்படிப் போவது என்றும் எழுதுங்கள்.

நான் பென்னாகரம் பக்கம் நாலு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். மகள் பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, நான்காம் ஆண்டு. பேராசிரியர் ஆகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "டாக்டருக்குப் படித்துவிட்டு எதுக்கும்மா வாத்தியார் வேலை?" என்று நானே சண்டை போட்டேன். கணக்கு அப்படி. பயிற்சியோடு சேர்த்து பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடம், முதுகலையான எம்.வி.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. மூன்று, நடுவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு, எல்லாம் முடிய முப்பதை நெருங்கிவிடும், கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் இப்போதே கேட்கிறார்கள்.

போன கோடை லீவில்தான் மனசு மாறியது. பசுந்தீவனம் இல்லை, கதிர் அறுத்த வெறும் ராகித் தாள்தான். அதில் சத்தைக் கூட்ட, மகள் 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியா என்று தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தாள். அப்புறம் ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்கினாள். மாடுகள் மிச்சம் வைக்கவில்லை. தீவனத்தை ஆராய கால்நடை உணவியல் என்று தனித் துறையே இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்றாள். சரி, போ என்றேன்.

என் தாத்தாவிடம் உழவுக்கு ஒரு ஜோடி ஆலம்பாடி மாடு இருந்தது. பால் குறைவு என்று நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது அந்த இனத்துக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஓசூர் மத்திகிரியில் கோழியினக் கல்லூரி இருக்கிறது. சாணி அள்ளி வளர்ந்த நம் பிள்ளைகள் அங்கே பாடம் நடத்த வேண்டாமா?

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. முதுகலைக்கு என்ன உதவித்தொகை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கிறார்கள், அதுவரை தற்காலிக வேலையில் என்ன சம்பளம், எல்லாம் கேட்டு எழுதுங்கள். கசப்பான விஷயம் என்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள், கடன் வாங்கிப் படிக்கவைக்கிற வீடுகளுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். அடுத்த ரிசல்ட்டுக்கு முன்னால் வந்தால், எங்கள் ஊர்ப் பள்ளியிலும் பால் சொசைட்டியிலும் நானே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்