படத்தில் விடுபட்ட சின்னக் கோபுரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சென்னை சாந்தோம் பேராலயத்தின் முழுப்பக்கப் படம் பார்த்தேன். படம் அருமை. ஆனால் அதன் கீழே ‘போர்த்துகீசியர் கட்டிய 500 ஆண்டுப் பழைய கோதிக் ஆலயம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் இடறுகிறது. அந்த இடத்துக்கு அவ்வளவு வயது உண்டு, அதற்கு மேலேயும் உண்டு. கட்டடத்துக்கு இல்லை.

இயேசுவின் சீடர் புனித தோமையாரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடத்தில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள், சரி. அதை 1893இல் இடித்துவிட்டார்கள். இடிக்கச் சொன்னவர் அப்போதைய மயிலை ஆயர் ரீட் டா சில்வா. (இன்றைக்கு யாராவது அப்படிக் கடப்பாரையைத் தூக்கினால் முதல் ஆளாக நானே கோர்ட்டுக்குப் போயிருப்பேன்.) இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கோயில் 1896 ஏப்ரல் 1 அன்று அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தப்பட்டது. ஆயர் போர்த்துகீசியர்தான். ஆனால் கட்டடத்தைக் கவனித்துக்கொண்டவர் கேப்டன் ஜே. ஏ. பவர். பீடத்துக்கு மேலே, தோமையார் ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்கிற வண்ணக் கண்ணாடி ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் செய்தது. போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற பட்டம் 1956இல்தான் கிடைத்தது.

கோதிக் என்பதும் அப்படித்தான். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்த பாணி அது. பிறகு ஐரோப்பாவே அதைப் பழசு என்று ஒதுக்கி, 19ஆம் நூற்றாண்டில் மறுபடி ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது. 1834இல் தீப்பிடித்து எரிந்த லண்டன் பாராளுமன்றத்தை அந்தப் பாணியில் திரும்பக் கட்டியதிலிருந்து அதற்குத் தனி மவுசு. சாந்தோம் அந்த இரண்டாம் அலையில் வந்தது. அந்தப் பாணியின் அடையாளமான, உச்சியில் கூராகச் சேரும் வளைவு வெறும் அழகுக்கு இல்லை. அரைவட்ட வளைவைவிட அது பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, பாரம் கீழ்நோக்கி இறங்கிவிடும். அதனால் சுவரில் பெரிய ஜன்னல் திறக்க முடிகிறது. வெயில் ஏறும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பக்கத்து ஆளின் வெள்ளைச் சட்டையில் நீலமும் சிவப்பும் விழும். பூசையில் கவனம் சிதறுவதற்கு எனக்குப் பிடித்த காரணம் அது.

போர்த்துகீசியர் கைவேலையைத்தான் காட்ட வேண்டும் என்றால் உங்கள் புகைப்படக்காரரைக் கச்சேரி ரோடு வழியாக லஸ்ஸுக்கு அனுப்புங்கள். காட்டுக்கோயில் என்று நாங்கள் சொல்லும் பிரகாச மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. 1516 என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தடித்த சுவர், தாழ்ந்த உடம்பு. வானத்தை எட்டிப் பிடிக்கும் அவசரம் அதற்கு இல்லை. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவர்கள் ஒரே காலத்துக் கட்டடம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. ரோட்டிலிருந்து எடுத்த படம் என்பதால் 155 அடிப் பெரிய கோபுரம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூரையின் நடுவில் இருக்கும் இரண்டாவது, சின்னக் கோபுரம் படத்தில் விழவே இல்லை. இந்தக் கோயிலில் தனியாகப் பார்க்க வேண்டியதே அதுதான். அதற்கு நேர் கீழேதான் கல்லறை. ‘பெரிய கோபுரம் ஊருக்கு, சின்னது தோமையாருக்கு’ என்பார் என் பாட்டி. கோயிலுக்குள் இருக்கும் மயிலை மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்ததும், முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அண்ணாந்து அதைத் தேடுவார். நடுவில் இருப்பதால் கிட்டே நின்றால் தெரியாது, வளாகத்துக்குள் கொஞ்சம் பின்வாங்கி நடக்க வேண்டும். உங்கள் புகைப்படக்காரரும் நாலு எட்டு பின்னால் போயிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவீர்களானால், அந்தச் சின்னக் கோபுரத்தின் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
மந்தைவெளி வாசகர்