நீங்கள் பேச வேண்டாம் அண்ணா, பிள்ளைகள் கேட்பார்கள்

அன்புள்ள பரிசல்கார அண்ணாவுக்கு,

வணக்கம். ஒகேனக்கல்லில் உங்களைப் பார்த்து, ஒருநாள் எங்கள் தமிழ் வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டேன். "நான் அஞ்சாவதோட நின்னவன் டீச்சர், பிள்ளைங்க முன்னாடி என்னத்தப் பேசறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நின்று விளக்க நேரமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பேசச் சொல்லவில்லை அண்ணா. மேடை, மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். விருந்தினர் வந்தால் சொற்பொழிவுதான் என்று நம் பள்ளிகளில் பழகிவிட்டது. யாராவது பெரிய பதவியில் இருப்பவர் வந்து முக்கால் மணி நேரம் அறிவுரை சொல்வார், கை தட்டுவார்கள். மறுநாள் என்ன சொன்னார் என்று கேட்டால், "நல்லாப் படிக்கச் சொன்னார்" என்பார்கள். அதில் பிள்ளைகளின் தமிழுக்கு ஒரு வேலையும் இல்லை. நேர்காணல் என்றால் கேள்வியை அவர்களே யோசிக்க வேண்டும், பதிலைக் காது கொடுத்துக் கேட்டு அதிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடிக்க வேண்டும். அப்புறம் நீங்கள் சொன்னதை, உங்கள் பேச்சின் ருசி போகாமல் எழுத வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன முறை பட்டுப்புழு வளர்க்கும் அக்கா ஒருவர் வந்தார். ஒரு பையன், "புழு வளர்க்கறது கஷ்டமா?" என்றான். "ஆமா" என்றார். அதோடு முடிந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ராத்திரி எந்நேரத்துக்கு எழுந்து எலை போடுவீங்க?" என்றாள். அதற்கு அப்புறம் அக்காவை நிறுத்த முடியவில்லை. புழு நான்கு முறை தோலுரிப்பது, அப்போது இலையைத் தொடாமல் அசையாமல் கிடப்பது, கடைசிப் பருவத்தில் போடப் போடத் தின்று தீர்ப்பது, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தில் விலை இறங்கினால் வீடு எப்படி இருக்கும் என்பது வரை சொன்னார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

உங்களுக்கான கேள்விகளும் தயாராகிவிட்டன. முன்பு பரிசலுக்குத் தோல் போர்த்துவார்களாமே, இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும், எது நாள்படத் தாங்கும்? வட்டமான பரிசல் சுற்றாமல் நேராகப் போவது எப்படி? ஆற்றில் மேலே தண்ணீர் அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியது என்று செய்தி வருமுன்பே ஆற்றைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்துவிடுமா? போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல்லில் கறை ஏறிய தாய் தகப்பன்களின் பிள்ளைகள் இவர்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குழாயில் காவிரியைக் குடித்து வளர்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஆற்றில் எந்த இடத்தில் எடுக்கிறார்கள் என்று உங்களிடம் கேட்க ஒருத்தி காத்திருக்கிறாள்.

ஒரு கேள்வியில் மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "பரிசல் கவுந்து யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று ஒருவன் எழுதியிருந்தான். கேட்கலாம், அதுதானே உண்மை என்றார்கள் சிலர். "அவரோட சொந்தக்காரங்களா இருந்துட்டா?" என்றாள் ஒரு பெண். வெகுநேரம் பேசினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "ஆத்தப் பார்த்து நீங்க பயந்த நாள் உண்டா?" என்று மாற்றினார்கள். சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். எந்தக் கேள்விக்கும் "அது வேண்டாம்பா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, இதை அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். எழுதி முடித்ததை உங்களிடம் படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் சுவரில் ஒட்டுவோம்.

தேதி குறிக்கவில்லை. சவாரி இருக்கிற நாளில் வருமானத்தை விட்டுவிட்டு வர வேண்டாம். தண்ணீர் கூடிப் பரிசல் இயக்கத் தடை போட்ட நாளில், காலையில் ஒரு போன் செய்தால் போதும். பிற்பகல் முதல் பாடவேளையை உங்களுக்கு ஒதுக்குகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறேன். முடிந்தால் துடுப்பைக் கொண்டு வாருங்கள், தூக்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்புத் தமிழ் டீச்சர்