கோல்ஃப் மைதானத்துக்கு வேலி அவசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது முதல், அந்த மைதானத்துக்குள் ஜிம்கானா கிளப் நடத்திவந்த கோல்ஃப் திடலைப் பற்றியும் பொதுவாக இந்த விளையாட்டைப் பற்றியும் பலர் பல விதமாக எழுதியும் பேசியும் வருகிறார்கள். கோல்ஃப் பிறப்பிலேயே செல்வந்தர்களின் பொழுதுபோக்கு, ஆகவே பொது நிலத்தில் அதற்கு இடமே கூடாது என்பது அவர்களில் பெரும்பாலோரின் முடிவு. பிறப்பைப் பற்றிய அந்தக் கூற்று வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் சுமாராக விளையாடும் ஓர் அமெச்சூர். அண்மையில் ஒரு கோடைக்காலத்தில், கோல்ஃபில் சிறிதும் நாட்டமில்லாத என் மனைவியுடன், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரமாக எடின்பரோவிலிருந்து அபர்டீன் வரை வாடகைக் காரில் சென்று, பொது மைதானங்களில் மட்டுமே விளையாடித் திரும்பினேன். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடு என்பதால் பயணத்தில் சிரமம் இருக்கவில்லை.

எடின்பரோ நகரின் நடுவே புரன்ட்ஸ்ஃபீல்டு என்ற புல்வெளி இருக்கிறது. மாணவர்கள் படுத்துப் புத்தகம் வாசிக்கிறார்கள், தாய்மார்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கிடையிலேயே சிறு தூரக் குழிகளும் கொடிகளும் வரிசையாக இருக்கின்றன. நகராட்சியின் இந்தத் திடலில் விளையாடக் கட்டணம் கிடையாது. மட்டை இல்லாதவர்கள் பக்கத்து மதுக்கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நகரின் தென்புறக் குன்றுகளில் 1889இல் திறக்கப்பட்ட பிரெய்டு ஹில்ஸ் 18 குழிகள் கொண்ட முழு மைதானம், அதுவும் பொதுச் சொத்துதான். கோட்டையும் கடலும் ஒருசேரத் தெரியும் அந்த உச்சிக்கு, உறுப்பினர் ஒருவரின் சிபாரிசு இல்லாமல் எவரும் பணம் கட்டி விளையாடப் போகலாம். நம் நாட்டின் பல மைதானங்களில் அறிமுகம் செய்துவைக்க ஓர் உறுப்பினர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

கிண்டியைப் பற்றி எழுதுபவர்கள் மசல்பரோவைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள அந்தச் சிற்றூரிலும் கோல்ஃப் திடல் குதிரைப் பந்தய மைதானத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒன்பதே குழிகள்தான், ஆனால் 1874க்கும் 1889க்கும் இடையில் கோல்ஃபின் மிகப் பழமையான பெரும் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப் ஆறு முறை நடந்த இடம் அது. இன்று உலகெங்கும் கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலமாக இருப்பதற்கும் இவ்வூரில் 1829இல் செய்யப்பட்ட குழி வெட்டும் கருவியே மூலம் என்கிறார்கள். இவ்வளவு பெருமையுள்ள திடலில், ஓடுபாதையின் வெள்ளைக் கம்பிகளைத் தாண்டிப் பந்தடிக்க மிகக் குறைந்த கட்டணமே வாங்குகிறார்கள். பந்தயமும் கோல்ஃபும் பொதுமக்களும் ஒரே நிலத்தில் இணங்கியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நிலத்தின் உரிமை பற்றிய முழுக் கதையையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில்தான் அறிய வேண்டும். கடலுக்கும் வயல்களுக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேடாகக் கிடந்த அந்த நிலத்தில் கோல்ஃபும் கால்பந்தும் ஆட ஊர்மக்களுக்கு உள்ள உரிமையை ஆர்ச்பிஷப் ஹாமில்டன் 1552ஆம் ஆண்டிலேயே எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். கடனில் மூழ்கிய நகர மன்றம் 1797இல் நிலத்தை விற்றுவிட, முயல் வளர்ப்போர் அதை எடுத்துக்கொண்டார்கள். கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் முயல் வியாபாரிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் நீடித்த வழக்கும் அடிதடியும், 1821இல் சீப் என்ற நிலக்கிழார் அந்த நிலத்தை வாங்கிய பிறகே ஓய்ந்தன. 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நகர மன்றம் நிலத்தைத் திரும்பப் பெற்றது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை அன்றுமுதல் அதை நிர்வகித்துவருகிறது. முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடத்தின் பின்னால் கம்பீரமாக நிற்கும் கல் கட்டடம் தனியார் கிளப்புக்கு உரியது. 2014 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்துவந்த கிளப் அது. எனினும் அதன் சன்னலுக்கு முன்னால் விரிந்துகிடக்கும் புல்வெளியின் ஓர் அடிகூட அந்தக் கிளப்புக்குச் சொந்தமில்லை.

உலகின் மிகப் பழமையான கோல்ஃப் மைதானமாகப் போற்றப்படும் அவ்வூரின் ஓல்டு கோர்ஸில், முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் பந்தடிக்கும் பாதைகளின் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுச் சாலை போகிறது. கடற்கரைக்குச் செல்பவர்களும் கார்களும் அதைக் கடக்கும்வரை, மட்டையை ஓங்கியவர் காத்து நிற்க வேண்டியதுதான். அங்கே விளையாட இடம் கிடைப்பதும் பெரும்பாலும் குலுக்கலைப் பொறுத்தது. இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்தால், அன்று மாலையே முடிவு தெரியும். என் பெயர் வரவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்திலேயே, 1895இல் அமைத்திருந்தும் இன்றுவரை ‘புதியது’ என்றே அழைக்கப்படும் நியூ கோர்ஸில் விளையாடினேன். ஞாயிற்றுக்கிழமையன்று ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. முக்கியப் போட்டிகள் தவிர மற்ற எல்லா ஞாயிறுகளிலும் அது ஊர்மக்களின் பூங்கா. குலுக்கலில் கிடைக்காத திடலில் நானும் என் மனைவியும் நாய்களோடும் குழந்தைகளோடும் வந்திருந்த குடும்பங்களுக்கிடையே முதல் குழியிலிருந்து வளைந்து திரும்பும் கோடிவரை நடந்துபோய் வந்தோம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை கிரீன் என்பார்கள்; அங்குள்ள ஏழு பெரிய கிரீன்களில் ஒவ்வொன்றும் இரண்டு குழிகளுக்குப் பொதுவாக இருப்பதையும், அந்த இணைகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வருவதையும் காலால் நடந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அருகிலேயே, 1867இல் பெண்கள் தொடங்கிய கிளப் ஒன்று பராமரிக்கும் ‘ஹிமாலயாஸ்’ என்ற மேடுபள்ளமான புட்டிங் திடல், அதாவது பந்தைத் தரையில் உருட்டிக் குழியில் தள்ளும் திடல், இருக்கிறது. எவரும் சிறு தொகை கொடுத்து மட்டையும் பந்தும் வாங்கிக்கொண்டு விளையாடலாம். பள்ளிப் பிள்ளைகளும் எண்பதைத் தாண்டியவர்களும் அங்கே ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி இந்தப் பயணம் முழுவதிலும் விரும்பி மட்டையைப் பிடித்தது அந்த ஓரிடத்தில்தான்.

அதற்கு வடக்கே உள்ள இடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வரும் கார்னஸ்டியும் பொது நிலமே. 1999 ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில் பிரெஞ்சு வீரர் வான் டி வெல்டை வீழ்த்திய பாரி ஓடை, பக்கத்தில் உள்ள, கட்டணம் குறைந்த பர்ன்சைடு மைதானத்தில் விளையாடியவர்களின் பந்துகளையும் தயங்காமல் விழுங்கியது. 1562 முதலே ஆட்டம் நடந்ததாகப் பதிவுள்ள மான்ட்ரோஸ் மைதானத்தைக் கடல் அரித்துவருகிறது என்பது வருத்தமான செய்தி. அபர்டீனில் கடற்கரைத் திடலும் நகராட்சியுடையதே. தொலைந்த பந்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடக்கூடாது என்று 1783இல் விதி செய்த ஊர் அது. இன்று அந்த அவகாசமும் மூன்று நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் பின்னால் சட்டத்தின் துணையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, கிரீன்களில் கால் வைக்காமலும் ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமலும் எந்தக் கோல்ஃப் மைதானத்தின் குறுக்கேயும் யாரும் நடந்துபோகலாம். தனியார் மைதானங்களும் இதற்கு விலக்கல்ல. நடப்பவரைக் கண்டு ஆடுபவர் கையசைத்து நிற்பதும், ஆடுபவரைக் கண்டு நடப்பவர் சற்றே ஒதுங்குவதும் அங்கே யாரும் கற்பிக்காமலே வழக்கமாகியிருக்கின்றன.

இங்கே குறைகளையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஓல்டு கோர்ஸில் வெளியூர்க்காரர் ஒரு சுற்று விளையாட, பருவகாலத்தில் 300 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். உள்ளூர்வாசியோ ஏறக்குறைய அதே தொகைக்கு ஆண்டு முழுவதும் விளையாடும் சீட்டையே வாங்கிவிடலாம். நில உரிமை ஊராருடையது, செலவைத் தாங்குவது விருந்தினர் என்ற இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறைசொல்ல ஏதுமில்லை, ஆனால் அது எளியவர்களின் கட்டணம் என்று யாரும் சொல்ல முடியாது. நகராட்சிகளின் நிதி நெருக்கடியால் பொது மைதானங்கள் மூடப்படுவதும் அங்கே நடக்கிறது. டண்டீ நகரின் காம்பர்டவுன் மைதானம் அப்படித்தான் மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே கடல்மணலில் தானாக வளரும் புல்லுக்கு நம் ஊர்ப் புல்லைப் போலத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வறண்ட மாதங்களில் அது பழுப்பேறிக் கிடப்பதை யாரும் குறையாகக் கருதுவதுமில்லை.

ஆகவே கிண்டியில் மறுபடியும் 18 குழிகளுக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், வெள்ளத்திலும் வறட்சியிலும் மாறிமாறித் தவிக்கும் சென்னைக்கு நீர்நிலைகளும் பூங்காவும் அதைவிட அவசியம். அவற்றை அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருப்பதை வரவேற்கிறேன். அந்தப் பூங்காவின் ஒரு மூலையில், ஹிமாலயாஸைப் போல ஓரிரு ஏக்கரில் ஒரு புட்டிங் திடலையும், புரன்ட்ஸ்ஃபீல்டைப் போலச் சில சிறு தூரக் குழிகளையும் அமைத்து, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பாய்ச்சி, பள்ளிப் பிள்ளைகள் பத்து இருபது ரூபாய்க்கு மட்டையும் பந்தும் வாடகைக்கு எடுத்து விளையாட வழிசெய்வதைத் தோட்டக்கலைத் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பரிசீலிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மாநகராட்சிப் பூங்காக்கள் சிலவற்றில் இதை முதலில் சோதித்துப் பார்த்த பிறகு கிண்டியில் தொடங்கினாலும் சரிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.